பேட்ஜ் போர்டில் பேட்டரியைச் செருகும் முன்

கழுத்தில் மாட்டிக்கொண்டு, பெயரை எல்இடியில் ஓடவிட்டு, நாமே புரோகிராம் எழுதி மாற்றிக்கொள்கிற எலெக்ட்ரானிக் பேட்ஜைப் புதிதாகச் செய்கிறவர்கள், எங்கள் செட்டு அந்தக் காலத்தில் செய்த தவறுகளையே இன்றும் செய்கிறார்கள். சால்டரிங் சரியில்லை, யூஎஸ்பி கேபிளில் டேட்டா வயர் இல்லை என்பதெல்லாம் சீக்கிரமே தெரிந்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பிளக் பொருந்துகிறதே என்று செருகுவது

சின்ன லித்தியம் பாலிமர் பேட்டரிகளின் வயர் நுனியில் ஒரு வெள்ளை ஜேஎஸ்டி பிளக் இருக்கும். போர்டில் அது ஒரு பக்கமாகத்தான் உள்ளே போகும். அதனாலேயே எல்லோரும் நம்பிவிடுகிறார்கள். ஆனால் இரண்டு பின்களில் எது பிளஸ் என்பதற்குப் பொது விதி கிடையாது. கம்பெனிக்குக் கம்பெனி மாறும். போர்டை ஆன்லைனிலும் பேட்டரியைச் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் கடைகளிலும் வாங்கினால், பிளக் கச்சிதமாக உட்காரும், பிளஸ்ஸும் மைனஸும் இடம் மாறியிருக்கும்.

ஒரு பயிற்சி வகுப்பில் கல்லூரி மாணவி ஒருவர் செய்த பேட்ஜ், யூஎஸ்பியில் அருமையாக ஓடியது. தமிழ் எழுத்துகளைப் புள்ளி புள்ளியாக அவரே வரைந்திருந்தார். "அண்ணா, பேட்டரி போட்டுப் பார்க்கிறேன்" என்று செருகினார். சத்தம்கூட வரவில்லை. சார்ஜிங் சிப்பின் முதுகில் ஒரு கொப்புளம், கருகிய வாசனை, அவ்வளவுதான். தலைகீழாகச் செருகினால் இந்தப் பேட்டரி பெரிய கரண்டைத் தள்ளிவிடும். சிப் நொடியில் போய்விடும்.

போர்டில் + − என்று அச்சடிக்கத் தனிச் செலவு எதுவும் இல்லை. அப்படியிருந்தும் அது இல்லாத போர்டுகள் இன்னும் விற்பனைக்கு வருகின்றன என்பதுதான் எரிச்சலாக இருக்கிறது.

வயரின் நிறத்தை நம்பாதீர்கள். மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்துப் பிளக்கின் இரண்டு ஓட்டைகளையும் தொட்டுப் பாருங்கள். 3.7-க்குப் பக்கத்தில் வரும். முன்னால் மைனஸ் குறி வந்தால் சிவப்பு முனை தொடுவது மைனஸ். அப்புறம் மீட்டரைக் கன்டினியூட்டியில் (இணைப்பு இருந்தால் பீப் அடிக்கும்) வைத்து, போர்டின் எந்தப் பின் கிரவுண்டோடு, அதாவது மைனஸோடு, சேர்கிறது என்று பாருங்கள். இரண்டும் ஒத்துவரவில்லையென்றால், பிளக்கின் பிளாஸ்டிக் நாக்கை ஊசியால் தூக்கி வயர்களை இடம் மாற்றலாம். முதல் வயரை உருவியதும் அதன் முனையில் டேப் சுற்றிவிட்டுத்தான் அடுத்ததைத் தொட வேண்டும். இரண்டு முனைகளும் உரசினால் பேட்டரியே தீப்பிடிக்கலாம்.

சார்ஜ் கரண்ட்

பேட்டரியை சார்ஜ் செய்யும் டிபி4056 மாட்யூல்கள் பெரும்பாலும் 1 ஆம்பியருக்கு செட் செய்யப்பட்டே வரும். 400 எம்ஏஎச் பேட்டரிக்கு அது ரொம்ப அதிகம். மாட்யூலில் கரண்டை செட் செய்யும் 1.2 கிலோ ஓம் ரெசிஸ்டரை எடுத்துவிட்டு 4.7 கிலோ ஓம் வைத்தால் சுமார் 250 மில்லியாம்பியருக்கு இறங்கும். நெஞ்சின் மேல் தொங்கப்போகிற பேட்டரி இது.

காயின் செல்லில் வைஃபை

சிஆர்2032 என்ற வட்டமான பட்டன் பேட்டரி தாங்காது. இஎஸ்பி32 (வைஃபை உள்ள சிப்) வைஃபையை ஆன் செய்ததும் ரீசெட் ஆகும்.

ஆன்டெனா மேல் பேட்டரி

ஒட்டாதீர்கள்.

முழு வெளிச்சம்

நியோபிக்சல் வகை எல்இடி ஒன்று முழு வெள்ளையில் 60 மில்லியாம்பியர் வரை இழுக்கும். 16 வைத்தால் கிட்டத்தட்ட 1 ஆம்பியர். புரோகிராமில் பிரைட்னஸை உச்ச அளவான 255-க்குப் பதில் 20 என்று வையுங்கள். அறைக்குள் அதுவே தாராளம்.

பின்பக்கம்

சால்டர் முனைகளை ஒட்ட நறுக்கி, ஃபோம் டேப் ஒட்டுங்கள். சட்டை நூலை இழுக்காது, வியர்வையும் உள்ளே போகாது.