புது ரோலர் கோஸ்டர் அடிக்கடி நிற்கிறதா? கருத்துச் சொல்பவர்களும் கேட்பவர்களும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், ஈரி ஏரிக்கரையை ஒட்டி இருக்கிறது சீடர் பாயின்ட் பூங்கா. 2024 மே மாதம் அங்கே டாப் த்ரில் 2 என்ற ரோலர் கோஸ்டர் திறந்தது. 420 அடி உயரத்தில் இரண்டு கோபுரங்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய நாற்பது மாடி உயரம். உச்ச வேகம் மணிக்கு 193 கிலோமீட்டர். ஆனால் சில நாட்கள்தான் ஓடியது. ரயில்களில், அதாவது ஆட்கள் உட்கார்ந்து போகும் பெட்டித் தொடர்களில், மாற்றம் செய்ய வேண்டியிருக்கிறது என்று சொல்லி நிறுத்தினார்கள். அந்த ஆண்டு அப்புறம் திறக்கவே இல்லை. 2025 சீசனில் மறுபடி ஓட ஆரம்பித்தது, அப்போதும் அவ்வப்போது நின்றுகொண்டுதான் இருந்தது.

அதில் ஏறியவர்களைக் கேட்டால் வாழ்நாளில் இப்படி ஒன்றில் போனதில்லை என்பார்கள். ஏற முடியாமல் திரும்பியவர்களைக் கேட்டால் காசும் போச்சு, லீவும் போச்சு என்பார்கள். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். அடுத்து அங்கே போகப் போகிறவருக்கு இந்த இரண்டிலிருந்தும் ஏதாவது பயன் கிடைக்க வேண்டுமே, அங்கேதான் சிக்கல். ரோலர் கோஸ்டர்களுக்காகவே ஊர் ஊராகப் போகிறவன் என்ற முறையில், இணையத்தில் எழுதும் இந்தக் கருத்துகளில் திரும்பத் திரும்ப நான் பார்க்கும் தவறுகளைச் சொல்கிறேன்.

நின்றால் ஆபத்து என்று முடிவு கட்டுவது

எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான். “பாதி வழியில் நின்றுவிட்டது, உயிரோடு இறங்கினதே பெரிசு” என்ற மாதிரி எத்தனையோ கருத்துகளைப் படித்திருப்போம். பயந்தவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ரயில் ஏன் நின்றது என்று தெரிந்தால் அந்த வரியை அவரே வேறு மாதிரி எழுதுவார்.

ரோலர் கோஸ்டர் தண்டவாளத்தைப் பல பகுதிகளாகப் பிரித்து வைத்திருப்பார்கள். இவற்றுக்கு பிளாக் என்று பெயர். ஒரு பிளாக்கில் ஒரு நேரத்தில் ஒரு ரயில்தான் இருக்கலாம். முன்னால் போன ரயில் அடுத்த பிளாக்கைத் தாண்டிவிட்டது என்று சென்சார் சொன்னால்தான் பின்னால் இருக்கும் ரயிலைக் கணினி விடும். சென்சார் சொல்லாவிட்டாலோ, ஒரு சென்சார் சொல்வதும் இன்னொன்று சொல்வதும் ஒத்துப்போகாவிட்டாலோ, கணினி யோசித்துக்கொண்டிருக்காது, நிறுத்திவிடும். செயின் இழுத்துக்கொண்டு போகும் ஏற்றத்தில் நிற்கலாம், பிரேக் இருக்கும் இடத்தில் நிற்கலாம். அந்த இடங்களில் பக்கத்திலேயே படிக்கட்டு இருப்பதற்குக் காரணமே இதுதான்.

இந்த ஏற்பாட்டை மனிதர்கள் மதிக்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தின் ஆல்டன் டவர்ஸ் பூங்காவில் நடந்தது ஒன்றே போதும். ஸ்மைலர் என்ற ரோலர் கோஸ்டரை அங்கே 2013 மே மாதம் திறந்தார்கள். ஒரே ஓட்டத்தில் 14 முறை தலைகீழாகக் கொண்டுபோகும். அது உலக சாதனை. ஆரம்பம் முதலே கோளாறுகள். அடிக்கடி நின்றது, போன இடத்தில் மாட்டிக்கொண்டது. மக்களும் வாய்க்கு வந்ததை எழுதினார்கள்.

2015 ஜூன் 2. ஒரு காலி ரயிலைச் சோதனைக்காக விட்டிருந்தார்கள். அது சுற்றை முடிக்காமல் நடுவழியில் நின்றுவிட்டது. 16 பேர் உட்கார்ந்திருந்த அடுத்த ரயிலைக் கணினி ஏற்றத்திலேயே பிடித்து வைத்தது. முன்னால் தடை இருக்கிறது என்று அதற்குச் சரியாகவே தெரிந்திருந்தது. பராமரிப்பில் இருந்தவர்களோ, வழி காலியாகத்தான் இருக்கிறது, கணினிதான் தப்புச் சொல்கிறது என்று நினைத்துவிட்டார்கள். தடையை மீறி ரயிலை விட்டார்கள். நின்றுகொண்டிருந்த காலி ரயிலில் அது போய் மோதியது. பலருக்குப் பலத்த காயம். இரண்டு இளம்பெண்களுக்குத் தலா ஒரு காலை எடுக்க வேண்டியதாயிற்று. மறு ஆண்டு நீதிமன்றம் பூங்காவை நடத்தும் நிறுவனத்துக்கு 50 லட்சம் பவுண்டு அபராதம் விதித்தது. தண்டவாளத்திலோ ரயிலிலோ கட்டுப்பாட்டுக் கணினியிலோ குறை இல்லை. ஊழியர்களுக்குச் சரியான வழிமுறை கொடுக்காமல் விட்டதுதான் குறை என்று விசாரணை சொன்னது.

அன்றைக்கு அந்த ரயில் நின்றபடியே இருந்திருந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. நாற்பது நிமிடம் வெயிலில் காத்திருந்ததாக நாலு பேர் கோபமாக எழுதியிருப்பார்கள், அவ்வளவுதான். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும். சீக்கிரம் விடு என்று கூட்டம் போடும் கூச்சலை ஊழியர்கள் காதில் வாங்கக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. புது ரைடு என்றால் அப்படித்தான் என்று எல்லாவற்றையும் ஒரே கணக்கில் தள்ளிவிடுவது. ரயிலிலிருந்து ஏதாவது கழன்று விழுவதும் ரயில் நிற்பதும் ஒன்றல்ல. டாப் த்ரில் 2 இருக்கும் இடத்தில் முன்பு டாப் த்ரில் டிராக்ஸ்டர் இருந்தது. 2003இல் திறந்தது, முழுச் சுற்று வரும் ரோலர் கோஸ்டர்களில் 400 அடியைத் தாண்டிய முதலாவது. 2021 ஆகஸ்டில் அதன் ரயிலிலிருந்து ஒரு சின்ன உலோகத் துண்டு தெறித்து, வரிசையில் நின்றிருந்த ஒரு பெண்ணுக்குப் படுகாயம் ஏற்பட்டது. அதோடு மூடியதுதான், பழைய வடிவில் மறுபடி திறக்கவே இல்லை. ஒஹையோவில் இப்படிப்பட்ட ரைடுகளைச் சோதிப்பது வேளாண்மைத் துறை. கேட்டால் வியப்பாக இருக்கும், ஆனால் அங்கே சட்டம் அப்படி. ஏதாவது கழன்று விழுவதைப் பார்த்தால், சீட்டின் பிடிமானம் சரியாகப் பூட்டவில்லை என்று தோன்றினால், கருத்து எழுதுவதெல்லாம் அப்புறம். முதலில் அங்கேயே ஊழியரிடம் சொல்லுங்கள்.

ரைடு எப்படி, ஓடுகிறதா என்ற இரண்டையும் குழப்புவது

ஐந்துக்கு ஒரு நட்சத்திரம் கொடுத்துவிட்டு, கீழே “மூன்று மணி நேரம் நின்றும் ஏற முடியவில்லை” என்று எழுதுவார்கள். ஏறாத ரைடுக்கு மதிப்பெண் எப்படிப் போட முடியும்? அவர் மதிப்பெண் போட்டது அந்த நாளுக்கு. அந்தக் கோபம் நியாயமானது, அதைச் சொல்லவும் வேண்டும். ஆனால் ரைடு எப்படி இருந்தது என்பது ஒரு கேள்வி. அதை நம்பிப் போகலாமா என்பது வேறு கேள்வி.

ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோவில் ஐலண்ட்ஸ் ஆஃப் அட்வென்சர் பூங்காவில் ஹாக்ரிட் மோட்டார்பைக் ரைடு 2019 ஜூன் 13 அன்று திறந்தபோது, முதல் நாள் காத்திருப்பு பத்து மணி நேரம் வரை போனது. ஒரே ஓட்டத்தில் ஏழு இடங்களில் ரயிலைக் காந்த விசையால் உந்தித் தள்ளும் ரைடு அது. உந்தும் இடம் கூடக் கூட, சென்சார்களும் கூடும், நிற்பதற்கான காரணங்களும் கூடும். இதோடு ஃபுளோரிடாவின் கோடை மாலை இடிமழை வேறு. பக்கத்தில் மின்னல் என்றால் திறந்தவெளி ரைடு எதுவும் ஓடாது. முதல் வாரங்களில் காலையில் பராமரிப்பு முடித்துத் தாமதமாகத்தான் திறந்தார்கள். ஆனாலும் ஏறி இறங்கியவர்களில் ரைடு சுமார் என்று சொன்னவரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அந்த நேரத்துக் கருத்துகளை மொத்தமாகக் கூட்டிச் சராசரி போட்டால் சுமாரான ரைடு என்று வந்திருக்கும். அது தவறான விடை.

காரணத்தை ஊகித்து உண்மை போலச் சொல்வது

டாப் த்ரில் 2 நின்றதும் ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். சக்கரம், வெல்டிங், காற்று, மோட்டார் சூடு. ரயில்களில் மாற்றம் தேவை என்பதைத் தாண்டி வெளியே வந்த தகவல் மிகக் குறைவு. மிச்சமெல்லாம் ஊகம், அதுவும் கைமாறிக் கைமாறிச் செய்தியாகிவிட்ட ஊகம்.

வெளியிலிருந்து பார்த்தே புரியக்கூடிய ஒன்று உண்டு. பழைய டிராக்ஸ்டர் ஒரே உந்தலில் கோபுரத்தைத் தாண்டும். சில சமயம் வேகம் போதாமல் உச்சி வரை போய்ப் பின்னோக்கி இறங்கிவிடும். இதை ரோல்பேக் என்பார்கள். அப்படி நடந்தால் தண்டவாளத்தின் காந்த பிரேக்குகள் ரயிலைப் பிடித்துக்கொள்ளும். அந்த அதிர்ஷ்டம் தங்களுக்கு வாய்க்காதா என்று ஏங்கிய ரசிகர்கள் ஏராளம். புது வடிவத்தில் ரோல்பேக்கைத் திட்டத்திலேயே சேர்த்துவிட்டார்கள். முதல் உந்தல் முன்னோக்கி, மணிக்குச் சுமார் 119 கிலோமீட்டர். கோபுரத்தில் பாதி ஏறித் திரும்பும். இரண்டாவது பின்னோக்கி, 163 கிலோமீட்டர். பின்னால் இருக்கும் கோபுரத்தில் செங்குத்தாக ஏறி, முகம் தரையைப் பார்க்கத் தொங்கவிடும். மூன்றாவது 193 கிலோமீட்டரில் முன்னோக்கி, கோபுரத்தைத் தாண்டி அந்தப் பக்கம். ஒரு தடவை செய்த வேலையை மூன்று தடவை, இரண்டு திசையிலும் செய்கிறது. அதற்கென்றே இத்தாலியின் சம்பெர்லா நிறுவனம் புதிதாகச் செய்த ரயில். இப்படி ஒன்று ஓடிப் பழகுவதற்கு நாளாகும் என்பதைச் சொல்ல ரகசியத் தகவல் எதுவும் தேவையில்லை.

ஒரே ரைடை நம்பிப் பயணம் போடுவது

சென்ற கோடையில் அண்ணன் மகளைக் கூட்டிக்கொண்டு வேறோர் ஊரில் ஒரு பூங்காவுக்குப் போனேன். பதின்மூன்று வயது. அந்த வருடம் திறந்த புது ரோலர் கோஸ்டருக்காகவே ஆறு மாதமாக நாள் எண்ணிக்கொண்டிருந்தவள். நாற்பத்தைந்து நிமிடம் நின்றபிறகு அறிவிப்பு வந்தது: தற்காலிகமாக நிறுத்தியிருக்கிறோம். எங்களுக்கு முன்னால் இருந்த ஒரு குடும்பம் பெருமூச்சு விட்டுக் கிளம்பியது.

“சித்தப்பா, நாமளும் போயிட்டா நம்ம இடம் போயிடுமே,” என்றாள்.

“கொஞ்சம் இரு, தண்டவாளத்தைப் பாரு,” என்றேன்.

ஏற்றத்தின் ஓரப் படிக்கட்டில் இடுப்பில் கயிறு மாட்டிய இரண்டு பேர் மெதுவாக ஏறிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மண்டியிட்டு எதையோ தொட்டுப் பார்த்தார். அரை மணி நேரம் ஒன்றும் நகரவில்லை. பிறகு அவர்கள் இறங்கினார்கள். சற்று நேரத்தில் ஒரு காலி ரயில் சீட்டெல்லாம் வெறுமையாக எங்கள் தலைக்கு மேல் உறுமிக்கொண்டு போனது. பின்னாலேயே இன்னொன்று. அவள் என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

காலி ரயில்களைத் திரும்பத் திரும்ப விடுகிறார்கள் என்றால் பெரும்பாலும் திறக்கும் நேரம் நெருங்கிவிட்டது என்று பொருள். ரயிலைப் பக்கத்துத் தண்டவாளத்துக்கு மாற்றிப் பணிமனைக்குள் தள்ளினாலோ, வரிசையில் நிற்பவர்களை மொத்தமாக வெளியே அனுப்பினாலோ காத்திருக்காதீர்கள். வேறு ரைடுக்குப் போய்விட்டு வாருங்கள். திறப்பு அறிவிப்பு பூங்காவின் செயலியில் வந்துவிடும்.

புது ரோலர் கோஸ்டருக்காக வெளியூரிலிருந்து போகிறவர்களுக்கு என் யோசனை இதுதான். திறந்த முதல் சில வாரங்களைத் தவிர்த்துவிடுங்கள். முடிந்தால் அடுத்த சீசனுக்குத் தள்ளுங்கள். முடியாதென்றால் ஒரு நாளைக்குப் பதில் இரண்டு நாள் வையுங்கள். பெரும்பாலான பூங்காக்கள் ஒரு ரைடு நின்றதற்காகப் பணத்தைத் திருப்பித் தருவதில்லை, அதனால் டிக்கெட் நிபந்தனையை வாங்கும் முன்பே படித்துவிடுங்கள். பிள்ளைகளிடம் கிளம்பும்போதே சொல்லி வைப்பது நல்லது. அந்தப் பூங்காவில் வேறு எதெல்லாம் பிடிக்கும் என்று முன்பே பேசி வைத்திருந்தால், முதல் ஆசை நடக்காதபோது அழுகை பாதியாகக் குறையும்.

மேடையில் நிற்கும் பிள்ளைகளைத் திட்டுவது

ஸ்டேஷனில் பெல்ட் சரிபார்ப்பவர்கள் பெரும்பாலும் கோடை வேலைக்கு வந்த கல்லூரி மாணவர்கள். ரைடு ஏன் நின்றது என்று அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தாலும் சொல்ல அனுமதி இருக்காது. எப்போது திறக்கும் என்று கேட்டால் தெரியவில்லை என்பதுதான் அவர்கள் தரக்கூடிய நேர்மையான பதில். அவர்களைப் பற்றி மோசமாக எழுதுவது அநியாயம்.

கையிலிருக்கும் போனை மறந்துவிடுவது

நின்றதற்குக் காரணம் சில சமயம் நாம்தான். சட்டைப்பையில் இருந்து விழும் போன், தொப்பி, கண்ணாடி எல்லாம் வேகத்தில் கல்லெறி போலப் பாயும். தண்டவாளத்தில் விழுந்தால் எடுக்கும் வரை ரைடை நிறுத்த வேண்டியிருக்கும். சீடர் பாயின்டின் ஸ்டீல் வெஞ்சன்ஸில் வரிசைக்குள்ளேயே போன் கொண்டுபோகக் கூடாது என்று விதி வைத்ததும் இதற்காகத்தான். அந்த ரோலர் கோஸ்டரும் 2018 மே மாதம் திறந்த அன்றே இரண்டு ரயில்கள் ஸ்டேஷன் அருகே லேசாக உரசியதால் கொஞ்ச காலம் ஒரே ரயிலோடு ஓடியதுதான். இன்றைக்கு ரசிகர்கள் சிறந்தவற்றைப் பட்டியலிட்டால் அது முன்வரிசையில் இருக்கும். முதல் வாரத்துக் கருத்துகளை மட்டும் படித்துவிட்டு அதை ஒதுக்கியவர்கள் நல்லதொரு ரைடை இழந்திருப்பார்கள்.

அண்ணன் மகள் அன்று மாலை பேருந்தில் வரும்போது என் போனை வாங்கித் தானே கருத்து எழுதினாள். நான் எதையும் திருத்தவில்லை. “சனிக்கிழமை 11.20க்கு வரிசையில் சேர்ந்தோம். 12.05க்கு நின்றது. 1.40க்குத் திறந்தது. 2.10க்கு ஏறினோம். இரண்டாவது திருப்பத்தில் தலை ஆடுகிறது, கழுத்து வலி இருப்பவர்கள் நடுவில் உட்காருங்கள். கடைசி இறக்கம் சூப்பர். தண்ணீர் பாட்டில் எடுத்துப் போங்கள், வரிசையில் நிழல் இல்லை.”