மான் காட்டின் பெயர்களையும் எல்லைகளையும் பதிவு செய்வது எப்படி?

ஸ்காட்லாந்தின் மலைப்பகுதியான ஹைலேண்ட்ஸில் 'மான் காடு' என்றால் மரம் அடர்ந்த இடம் அல்ல. செம்மான் வேட்டைக்கென விடப்பட்ட திறந்த மலைநிலம். அங்கே சின்ன ஓடைக்கும் கூட கேலிக் மொழிப் பெயர் உண்டு. டீ ஆற்றின் தலைப்பகுதியில் உள்ள மார் லாட்ஜ் எஸ்டேட்டை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் ஒரே ஒரு பள்ளத்தாக்கை எடுங்கள்; கிளென் டெர்ரி போதும். ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் தளத்தில் பிரிட்டனின் நில அளவைத் துறையான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் பழைய ஆறு அங்குல (ஒரு மைலுக்கு ஆறு அங்குலம்) வரைபடங்கள் இலவசமாகக் கிடைக்கும். இந்தப் பகுதியை 1860-களில் அளந்தார்கள்.

அடுத்து அதே சர்வேயின் பெயர்ப் புத்தகங்கள். ஸ்காட்லாண்ட்ஸ்பிளேசஸ் தளம் அவற்றை இணையத்தில் வெளியிட்டது. பெயரின் வெவ்வேறு எழுத்து வடிவங்களோடு, அதற்குச் சாட்சி சொன்னவர் யார் என்றும் அதில் எழுதியிருக்கும். அந்தச் சாட்சிப் பத்தியை விட்டுவிடாதீர்கள். மேய்ப்பர் சொன்ன பெயரும் நிலக்கிழாரின் அலுவலகம் சொன்ன பெயரும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

இப்போது அட்டவணை போடுங்கள்: பெயர், எழுத்து வடிவங்கள், ஓடையா முகடா, கிரிட் எண், சொன்னவர், ஆண்டு. கிரிட் எண் என்பது பிரிட்டிஷ் வரைபடச் சதுரங்களில் இடத்தைக் குறிக்கும் எண். அதன் முன்னால் சதுரத்தைச் சொல்லும் எழுத்துகள் கட்டாயம். பென் மக்டூயி மலை 'என்என் (NN) 988 989'; டெர்ரி லாட்ஜ் என்ற கட்டடமோ கிழக்கே 'என்ஓ' (NO) சதுரத்தில் வருகிறது. எழுத்தை விட்டால் மலை வேறெங்கோ போய்விடும். இன்னொன்று, வரைபடத்தில் பெயர் அச்சாகியிருக்கும் இடம்தான் அந்த இடம் என்று நினைக்காதீர்கள். காலி இடம் பார்த்து அச்சிட்டிருப்பார்கள். சரிவுக்கும் பள்ளத்துக்கும் புள்ளி வைக்காமல் பரப்பாக வரையுங்கள். பழைய எழுத்தைத் திருத்தவும் வேண்டாம், அப்படியே இருக்கட்டும்.

அப்புறம் ஆட்களிடம் போங்கள். அச்சில் ஏறாத பெயர்கள் வேட்டைக் காவலர்களின் வாயில் இருக்கின்றன. அனுமதி கேட்டு உச்சரிப்பை ஒலிப்பதிவு செய்யுங்கள். டீ பள்ளத்தாக்குக் கேலிக்கைத் தாய்மொழியாகப் பேசிய கடைசி நபர் 1984-இல் காலமானார்; இந்த வேலையைத் தள்ளிப்போடவே கூடாது. இலையுதிர்கால வேட்டைப் பருவமாக இருந்தால், மலையேறும் முன் எஸ்டேட்டிடம் கேட்டுவிடுங்கள்.

கடைசியாக எல்லை. பெரும்பாலும் அது மழைநீர் பிரியும் முகட்டின் மேல் ஓடும். லாரிக் க்ரூ கணவாயின் உச்சிக்கு வடக்கே நீர் ஸ்பே ஆற்றுக்கும், தெற்கே டீ ஆற்றுக்கும் போகிறது. மற்ற இடங்களில் ஓடையோ கற்குவியலோ எல்லையாகலாம். வேலியைப் பார்த்ததும் எல்லை என்று முடிவு கட்டாதீர்கள். இளமரங்களை மான் மேயாமல் இருக்கவும் வேலி போடுவார்கள். எல்லையின் ஒவ்வொரு துண்டுக்கும் ஆதாரத்தைத் தனியாக எழுதுங்கள்: எஸ்டேட் வரைபடமா, 1617 முதல் இருந்துவரும் சசீன் என்ற நில உரிமைப் பதிவேடா, காவலர் காட்டியதா?

கியூஜிஐஎஸ் (QGIS) என்ற வரைபட மென்பொருளில் ஏற்றும்போது ஆய அமைப்பாக, பிரிட்டிஷ் கிரிட்டைக் குறிக்கும் 27700-ஐத் (EPSG:27700) தேர்ந்தெடுங்கள். 1860-களின் எல்லைக்கோடும் இன்றைய எல்லைக்கோடும் தனித்தனி அடுக்குகளாக இருக்க வேண்டும். பெயர் சொன்ன காவலருக்கு ஒரு பிரதி அச்சிட்டுக் கொடுங்கள்; விட்டுப்போனதை அவரே பென்சிலால் குறித்துத் தருவார்.