செட்டிநாட்டுச் சரக்கை வெளிநாட்டில் விற்க யாரிடம் போவது?

முதலில் டிஜிஎஃப்டி (மத்திய அரசின் வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம்) இணையதளத்தில் 500 ரூபாய் கட்டி ஐஇசி எண் (ஏற்றுமதி, இறக்குமதி செய்பவருக்கான அடையாள எண்) வாங்குங்கள். விவரம் எதுவும் மாறாவிட்டாலும் ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் அதை உறுதிசெய்ய வேண்டும். மறந்தால் எண் முடங்கும். சரக்குப் பெட்டி துறைமுகத்திலேயே கிடக்கும்.

அடுத்து, சரக்குக்கேற்ற ஏற்றுமதி மேம்பாட்டுக் கவுன்சிலில் சந்தா கட்டி உறுப்பினராகுங்கள். காரைக்குடி கண்டாங்கிச் சேலைக்குச் சென்னையிலுள்ள கைத்தறி ஏற்றுமதி மேம்பாட்டுக் கவுன்சில். விசைத்தறிச் சேலையைக் கைத்தறி என்று அங்கே கொண்டுபோகாதீர்கள். பனையோலைக் கொட்டானுக்குக் கைவினைப் பொருள் கவுன்சில். வெளிநாட்டுக் கண்காட்சியில் கடை போட இவர்கள் வழி செய்வார்கள். உங்களுக்காக விற்றுத் தரமாட்டார்கள். சந்தா கட்டுமுன் இது தெரிந்திருக்கட்டும்.

மிளகாய்த்தூள், மசாலா என்றால் ஸ்பைசஸ் போர்டு (நறுமணப் பொருள் வாரியம்) பதிவு கட்டாயம். பலவகைச் சரக்குக்கு எஃப்ஐஇஓ (இந்திய ஏற்றுமதி அமைப்புகளின் கூட்டமைப்பு).

கடனுக்கு அனுப்புகிறீர்களா? மத்திய அரசின் ஏற்றுமதிக் கடன் காப்பீட்டு நிறுவனமான இசிஜிசியில் காப்பீடு எடுங்கள். பணம் வராமல் போனால் முழுத்தொகை அல்ல, ஒரு பங்குதான் கிடைக்கும்.