பாலிமர் களிமண்ணில் ஒரு காய்கறிக் கடிகாரம்

நான் முதன்முதலில் செய்த பாலிமர் களிமண் கடிகாரம் ஐந்து மணியைப் பார்த்ததே இல்லை. மூன்றாம் எண் இருக்க வேண்டிய இடத்தில் கொழுகொழுவென்று ஒரு தக்காளியை வைத்திருந்தேன். மாட்டிய அன்று சாயங்காலம் நாலேகாலுக்கு நிமிட முள் அதில் முட்டி நின்றதுதான், அப்புறம் நகரவே இல்லை. அதனால் இந்தச் செய்முறையில் களிமண்ணுக்கு முன்னால் மெஷின்.

1. மெஷினை வாங்கி அளந்துகொள்ளுங்கள்

கடிகாரம் பழுதுபார்க்கும் கடையில் ‘சுவர்க் கடிகார மெஷின்’ என்று கேளுங்கள். முட்களையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள். ஒரே ஒரு டபுள் ஏ பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் மெஷின் போதும். முட்கள் மாட்டும் தண்டில் மரை போட்ட பகுதி 10 மி.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும். களிமண்ணில் செய்யப்போகும் வட்டத் தகடு 5 மி.மீ., அதற்கு மேல் வாஷரும் நட்டும் உட்கார வேண்டுமே.

அடுத்து நிமிட முள்ளை அளக்க வேண்டும், நடுத்துளையிலிருந்து நுனி வரை. என்னுடையது 5 செ.மீ. தகட்டின் விட்டம் 15 செ.மீ. என்று வைத்தால், மையத்திலிருந்து விளிம்புக்கு ஏழரை. ஓரத்தில் மிஞ்சும் இரண்டரை செ.மீ.தான் காய்கறிகளுக்கு. முள் இதைவிட நீளமென்றால் தகட்டைப் பெரிதாக்குங்கள்.

2. களிமண்

பெயரில்தான் மண். உண்மையில் இது பிவிசி தூளும், அதை மெழுகு மாதிரி இளக்கி வைக்கும் பிளாஸ்டிசைசரும் சேர்ந்த கலவை. தானாகக் காயாது, ஓவனில் சுட வேண்டும். கடைகளில் காற்றில் காயும் களிமண்ணும் அதே அலமாரியில் இருக்கும், உறையைப் படித்து வாங்குங்கள்.

தகட்டுக்கு வெள்ளையில் 57 கிராம் கட்டி மூன்று தேவைப்படும். ஊதா, பச்சை, சிவப்பு, கருப்பு ஒவ்வொன்றிலும் கொஞ்சம். வெள்ளையை முதலில் பிசைந்து முடியுங்கள்; சிவப்பு கடைசி. சிவப்பைத் தொட்ட கையால் வெள்ளையைத் தொட்டால் ரோஸ் நிறக் கடிகாரம்தான் கிடைக்கும். மின்விசிறியையும் நிறுத்திவிடுங்கள். வேர்க்கும், ஆனால் பறந்து வரும் ஒவ்வொரு தூசியும் வெள்ளையில் ஒட்டிக்கொள்ளும். வெயில் காலத்தில் களிமண் கையில் குழைந்து போனால் பத்து நிமிடம் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

3. தகடு

பளபளப்பான தரை டைல் ஒன்றின் மேல், 5 மி.மீ. கனமுள்ள இரண்டு மரச்சட்டங்களை இருபக்கமும் வைத்து, நடுவில் களிமண்ணைக் கண்ணாடி பாட்டிலால் உருட்டுங்கள். பாட்டில் சட்டங்களின் மேல் ஓடும்போது கனம் எங்கும் ஒரே அளவாக வரும். காற்றுக் குமிழி தெரிந்தால் ஊசியால் குத்தி அமுக்கிவிடுங்கள்.

15 செ.மீ. காகித வட்டத்தைப் பாதியாக, மறுபடி பாதியாக மடித்து, அந்தக் கால்வட்டத்தை மூன்றாக மடியுங்கள். பிரித்தால் 12 கோடுகள். இதைக் களிமண்ணின் மேல் வைத்து, சுற்றி வெட்டி, ஒவ்வொரு கோட்டின் முனையிலும் ஊசியால் ஒரு புள்ளி குத்துங்கள். நடுத்துளை தண்டின் கனத்தைவிட ஒரு மி.மீ. அகலமாக இருக்கட்டும், சுடும்போது லேசாகச் சுருங்கும். வெட்டிய தகட்டை டைலிலிருந்து எடுக்காதீர்கள். எடுத்தால் வட்டம் கோழிமுட்டையாகிவிடும். டைலோடு அப்படியே ஓவனுக்குள் போகட்டும்.

4. காய்கறிகள்

12-க்குக் கத்தரிக்காய், 3-க்குத் தக்காளி, 6-க்கு வெண்டைக்காய், 9-க்கு மிளகாய். மற்ற எட்டு இடங்களுக்கும் மிளகு அளவில் கருப்பு உருண்டைகள்.

கத்தரிக்காய்க்கு ஊதாவில் சுண்டைக்காய் அளவு உருட்டி, ஒரு முனையை மட்டும் விரலால் நீவிக் குறுக்குங்கள். பச்சையில் சின்னதாக ஒரு வட்டு தட்டி, ஓரத்தை ஐந்து இடத்தில் கிள்ளி இழுத்தால் தொப்பி தயார். குறுகிய முனையில் கவிழ்த்து, நுனிகளை ஊதாவின் மேல் படிய அழுத்தி, நடுவில் ஒரு காம்பு. வெண்டைக்காய்க்குப் பல்குச்சியால் நீளவாக்கில் கோடு போட்டால் போதும். மிளகாய் கொஞ்சம் வளைந்திருந்தால்தான் மிளகாய். எல்லாவற்றின் முதுகையும் தட்டையாக்குங்கள், தனியாகச் சுட்ட பிறகு தகட்டில் ஒட்ட வேண்டுமே.

5. சுடுதல்

உறையில் போட்டிருக்கும் வெப்பநிலைதான் கணக்கு. பெரும்பாலும் 110 முதல் 135 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கும். ஓடிஜி எனும் சின்ன மின் ஓவனின் திருகில் இருக்கும் எண்ணை நம்பாமல், உள்ளே வைக்கும் வெப்பமானி ஒன்று வாங்குங்கள். இந்த வேலையில் நான் செய்த உருப்படியான செலவு அதுதான். முதலில் ஓவனைச் சூடாக்கி, மேலே அலுமினியத் தாளைக் கூடாரமாகக் கவிழ்த்து, 30 முதல் 45 நிமிடம். சரியான சூட்டில் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் கெடாது. குறைந்தால்தான் பிற்பாடு பிஸ்கட் மாதிரி உடையும். சூடு மிஞ்சிக் கருகினால் வரும் புகையில் ஹைட்ரஜன் குளோரைடு இருக்கும். ஜன்னலைத் திறந்து, ஓவனை அணைத்து, வெளியே வந்துவிடுங்கள். மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம்.

சூடு ஆறுவதற்குள் தகட்டின் மேல் ஒரு தாளும் இன்னொரு டைலும் வைத்தால் வளையாது. பளபளப்புக்காக நெயில் பாலிஷ் பூசாதீர்கள், நாள்பட்டால் பிசுபிசுக்கும்.

6. பூட்டுதல்

பின்னாலிருந்து மெஷினின் தண்டைத் துளையில் நுழைத்து, முன்னால் வாஷர், நட்டு. கையால் இறுக்கினால் போதும். மணி முள்ளையும் நிமிட முள்ளையும் 12-க்கு நேராக அழுத்திப் பொருத்துங்கள்.

இப்போது காய்கறிகளை ஒட்டாமல் சும்மா அடுக்கி வைத்து, மெஷினின் பின்னாலிருக்கும் சக்கரத்தைத் திருப்பி முட்களை ஒரு முழுச் சுற்று ஓட்டிப் பாருங்கள். முள் எதையாவது உரசினால் அதை வெளிப்பக்கம் நகர்த்துங்கள். உரசாத இடத்தில் ஊசியால் அடையாளம் வைத்து, அரால்டைட் போன்ற இரண்டு குழாய்ப் பசையால் ஒட்டி, ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். காலையில் பேட்டரி போடுவதற்கு முன் இன்னொரு சுற்று. தக்காளியைத் தாண்டிவிட்டால் மாட்டிவிடலாம்.