மேல்நிலைத் தொட்டி சென்சார்: பொய் அளவுக்கு மோட்டார் ஏமாறாமல் இருக்க

ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தால் நீர்மட்டத்தின் தூரத்தை அளக்கும் அல்ட்ராசோனிக் சென்சாரைத் தொட்டி மூடியில் பொருத்தி, ஆர்டுவினோ என்ற சிறு நிரல் பலகையை வைத்து மோட்டாரைத் தானாக ஓட்டுவது ஒரு மாலையில் முடிந்துவிடும். அதே அமைப்பு கோடை வெயிலையும் மழைக்கால ஈரத்தையும் தாங்கி ஆண்டுக்கணக்கில் ஓடுவதுதான் பெரிய வேலை. இந்தத் தாங்குதிறனுக்குப் புள்ளியியலில் ஒரு தனிக் கிளையே உண்டு. 1953இல் ஜார்ஜ் பாக்ஸ் ‘ரோபஸ்ட்’ என்ற சொல்லை அங்கே கொண்டுவந்தார். 1960களில் ஜான் டூக்கி, பீட்டர் ஹூபர், ஃபிராங்க் ஹாம்பெல் ஆகியோர் அதை முறையான துறையாக வளர்த்தார்கள். அவர்களுடைய கணக்கு தொட்டி மேலேயும் அப்படியே பொருந்தும்.

பொருள் வாங்கும் முன் ஒரு தாளில் எழுதுங்கள்: எந்தப் பிழையை இது தாங்க வேண்டும்? “எல்லாவற்றையும்” என்பது பதிலாகாது. இங்கே பிழை மூன்று வகை: எப்போதாவது வரும் தனிப் பொய் அளவு, எல்லா அளவும் ஒரே பக்கம் சாய்வது, சென்சாரே செத்துப்போவது. ஒன்றுக்கான மருந்து மற்றொன்றுக்கு வேலை செய்யாது.

பொருத்துதல்

திறந்த முகம் கொண்ட ஹெச்.சி.-எஸ்.ஆர்.04 வேண்டாம், தொட்டிக்குள் நீராவி படிந்து கெட்டுவிடும். நீர் புகாத ஜே.எஸ்.என்.-எஸ்.ஆர்.04டி வகையை வாங்குங்கள். அது 20 முதல் 25 செ.மீ.க்கு உள்ளே இருப்பதை அளக்காது. ஆகவே மோட்டார் நிற்க வேண்டிய நீர்மட்டம் சென்சாருக்குக் குறைந்தது 30 செ.மீ. கீழே இருக்கட்டும். ஒலி கூம்பு போல விரிந்து இறங்குவதால், தண்ணீர் விழும் குழாயிலிருந்து எட்டவே வையுங்கள்.

எதிரொலி திரும்பவில்லை என்றால், அதன் நேரத்தை அளக்கும் ஆர்டுவினோவின் ‘பல்ஸ்இன்’ கட்டளை 0 தரும். நிரல் அதைத் தூரம் என்று எடுத்துக்கொண்டால் ‘தொட்டி நிரம்பிவிட்டது’ என்றாகிவிடும். 0 ஓர் அளவு அல்ல, அளவு கிடைக்கவில்லை என்ற செய்தி. அந்தக் கட்டளையின் காத்திருப்பு நேரம் இயல்பாக 1 நொடி. அதை 25,000 மைக்ரோ நொடியாகக் குறையுங்கள். 4 மீட்டருக்கே 23,200 மைக்ரோ நொடி போதும். இரண்டு அளவீடுகளுக்கு நடுவே 60 மில்லி நொடியாவது இடைவெளி வேண்டும், இல்லையென்றால் பழைய எதிரொலி புதிய அளவில் கலந்துவிடும். தொட்டியின் ஆழத்துக்குள் அடங்காத எண்ணை அங்கேயே கழித்துவிடுங்கள்.

தனிப் பொய் அளவைக் கழித்தல்

எல்லைக்குள் அடங்கியும் பொய்யாக இருக்கும் எண்கள்தான் தொல்லை. மேலிருந்து விழும் தண்ணீரில் ஒலி பட்டுத் திரும்பினால் இப்படி வரலாம் (செ.மீ.):

62, 63, 62, 31, 61, 62, 63, 29, 62

சராசரி 55. உண்மை 62. வித்தியாசம் 7 செ.மீ.; 1.1 மீட்டர் விட்டமுள்ள தொட்டியில் அது சுமார் 67 லிட்டர்.

“சராசரியிலிருந்து மூன்று திட்ட விலக்கத்துக்கு அப்பால் போனதை நீக்கு” என்ற விதியைப் பலரும் எழுதுகிறார்கள். திட்ட விலக்கம் என்பது அளவுகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறுகின்றன என்பதன் அளவு. இங்கே அது 14.2. அனுமதி எல்லை 12.4 முதல் 97.6 வரை விரிகிறது. 29, 31 இரண்டும் உள்ளேயே உட்கார்ந்துகொள்ளும். பொய் அளவுகளே திட்ட விலக்கத்தை ஊதிவிட்டு அதன் நிழலில் ஒளிந்துகொள்கின்றன. இது இந்த எடுத்துக்காட்டின் கோளாறு அல்ல. n அளவுகள் இருந்தால் எந்த ஓர் அளவும் சராசரியிலிருந்து (n−1)/√n திட்ட விலக்கத்துக்கு மேல் விலகவே முடியாது. 9 அளவுக்கு அது 2.67, 10 அளவுக்கு 2.85. பத்து அளவு வரை இந்த விதி எதையும் நீக்காது, எவ்வளவு அபத்தமான எண் வந்தாலும்!

மாற்று வழி இது. அளவுகளை ஏறுவரிசையில் அடுக்கி நடுவில் உள்ளதை எடுங்கள்: இடைநிலை அளவு 62. ஒவ்வோர் அளவும் அதிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பார்த்து, அந்த விலக்கங்களையும் அடுக்கி நடுவை எடுங்கள்: 1. அதை 1.4826ஆல் பெருக்கினால் திட்ட விலக்கத்துக்கு நிகரான மதிப்பு கிடைக்கும். அதன் மூன்று மடங்கு, அதாவது சுமார் 4.4 செ.மீ.க்கு அப்பால் இருப்பதை நீக்குங்கள். 29, 31 போய்விடும். மிஞ்சிய ஏழின் சராசரி 62.1.

ஒன்பதில் நான்கு கெட்டாலும் இடைநிலை அளவு நல்ல அளவுகளின் எல்லைக்குள்ளேயே நிற்கும். ஐந்து கெட்டால் விழுந்துவிடும். சராசரியைக் கெடுக்க ஒன்றே போதும். இதைத்தான் முறிவுப் புள்ளி என்கிறார்கள். இதற்கு ஒரு விலை உண்டு: பொய் அளவே இல்லாத, மணி வடிவில் பரவிய தரவில் இடைநிலை அளவின் திறன் (தரவை எவ்வளவு நன்றாகப் பயன்படுத்துகிறது என்பது), அளவுகள் பெருகப் பெருக, சராசரியின் 64 சதவீதத்தை நெருங்கும். நீக்கியபின் மிஞ்சியதைச் சராசரி எடுப்பது அந்த இழப்பில் பெரும்பகுதியை மீட்கத்தான்.

இரண்டு இடத்தில் இது வழுக்கும். நீர் அசையாதபோது பாதிக்கு மேல் அளவுகள் அப்படியே ஒன்றாக வந்தால் விலக்கத்தின் நடு 0 ஆகிவிடும். உடனே 1 செ.மீ. விலகிய நல்ல அளவும் வெளியே போகும். அதனால் அந்த மதிப்பு 1 செ.மீ.க்குக் கீழே இறங்காமல் நிரலில் கட்டிவையுங்கள். மற்றது, ஒன்பது அளவையும் அரை நொடிக்குள் எடுத்தால் ஒரே தெறிப்பு ஐந்தைக் கெடுத்துவிடும். நொடிக்கு ஒன்றாக எடுங்கள். எல்லைச் சோதனையில் தேறியவை ஐந்துக்குக் குறைவு என்றால் எந்த எண்ணையும் சொல்லாமல் ‘தெரியவில்லை’ என்ற நிலைக்குப் போகட்டும். அந்த நிலையில் மோட்டார் நிற்க வேண்டும், சிவப்பு விளக்கு எரிய வேண்டும்.

எல்லாம் சேர்ந்து சாயும்போது

தூரத்தைச் செ.மீ.யில் பெற எதிரொலி நேரத்தை (மைக்ரோ நொடி) 58ஆல் வகுப்பது வழக்கம்; அது ஏறக்குறைய 22 டிகிரிக்கான கணக்கு. ஒலியின் வேகம் நொடிக்கு 331.3 + 0.606 × வெப்பநிலை மீட்டர். மூடிக்குள் 40 டிகிரி என்றால் 100 செ.மீ. தூரம் 97 என்று காட்டும். ஒன்பது அளவும் சேர்ந்தே சாய்வதால் இடைநிலை அளவால் எதுவும் செய்ய முடியாது. வெப்பநிலை சென்சார் ஒன்றை மூடிக்குள் வைத்துத் திருத்துவதுதான் வழி. குழாய் கூம்புக்குள் நிலையாக நின்றால் எல்லா அளவும் குழாயையே காட்டும். அதை நிரலால் சரிசெய்யப் பார்க்காதீர்கள், சென்சாரை நகர்த்துங்கள்.

நிமிடத்துக்கு 50 லிட்டர் ஏற்றும் மோட்டார் 1.1 மீட்டர் விட்டமுள்ள தொட்டியில் நீரை நிமிடத்துக்கு 5.3 செ.மீ. உயர்த்தும். பத்து நொடியில் 5 செ.மீ. தாவினால் சந்தேகப்படலாம். ஆனால் நிரந்தரமாக மறுத்துவிடக் கூடாது. புதிய மதிப்பு மூன்று முறை தொடர்ந்து வந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். மறுத்துக்கொண்டே இருக்கும் நிரல் உண்மை மாறிய பிறகும் பழைய எண்ணிலேயே உறைந்துவிடும்.

சென்சார் செத்தால்

இங்கே நிரல் உதவாது. வேறு இயற்பியலில் இயங்கும் இரண்டாவது கருவி வேண்டும். நிற்கும் மட்டத்துக்கு 5 செ.மீ. மேலே நீர் எட்டினால் மிதந்து இணைப்பைத் துண்டிக்கும் ஒரு ஃப்ளோட் சுவிட்ச் வைத்து, அதைக் கான்டாக்டர் (மோட்டாருக்கு மின்சாரம் தரும் பெரிய மின்காந்த சுவிட்ச்) சுருளுடன் தொடராக இணையுங்கள். ஆர்டுவினோ வழியாகக் கொண்டுபோகாதீர்கள். போயிங் 737 மேக்ஸ் விமானத்தின் மூக்கைத் தானாகக் கீழே இறக்கும் எம்.கேஸ் மென்பொருள் ஒரே ஒரு கோண சென்சாரை நம்பி இயங்கியது. 2018, 2019இல் நடந்த இரண்டு விபத்துகளில் 346 பேர் இறந்தார்கள்.

சிறு ரிலே பலகை மோட்டாரை நேரடியாகத் தாங்காது. கிளம்பும்போது மோட்டார் இழுக்கும் மின்னோட்டம் பல மடங்கு. ரிலே கான்டாக்டரை இயக்கட்டும். சாதாரண நிலையில் திறந்திருக்கும் முனையையே பயன்படுத்துங்கள். பலகைக்கு மின்சாரம் நின்றுபோனால் மோட்டார் தானே நிற்கும். தொட்டி நிரம்ப 20 நிமிடம் ஆகும் என்றால் 30 நிமிடத்தில் கட்டாய நிறுத்தம் வையுங்கள். கீழே தண்ணீர் தீர்ந்து மோட்டார் காய்ந்து ஓடுவதும் அங்கே ஓரளவு கட்டுப்படும். வாட்ச்டாக் டைமரை 8 நொடிக்கு வைத்தால் உறைந்த நிரல் தானே மறுதொடக்கம் ஆகும். 230 வோல்ட் இணைப்பைத் தொடுமுன் எம்.சி.பி.யை இறக்கிவிடுங்கள், அந்தப் பகுதி பழக்கமில்லை என்றால் எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

வேண்டுமென்றே கெடுத்துப் பார்த்தல்

மோட்டார் ஓடும்போது எதிரொலிக் கம்பியைக் கழற்றுங்கள்: பத்துப் பதினைந்து நொடிக்குள் நின்று விளக்கு எரிய வேண்டும். சென்சாருக்கு 30 செ.மீ. கீழே ஓர் அட்டையை மூன்று நொடி நீட்டி எடுங்கள்: காட்டும் மட்டம் அசையக் கூடாது. அதே அட்டையை ஒரு நிமிடம் பிடியுங்கள்: இப்போது மட்டம் மாறத்தான் வேண்டும். ஃப்ளோட்டைக் கையால் தூக்குங்கள்: ஆர்டுவினோ என்ன சொன்னாலும் கான்டாக்டர் விடுபட்டு மோட்டார் நிற்க வேண்டும். இவற்றை அதிகாலையில் ஒரு முறையும் நண்பகல் வெயிலில் ஒரு முறையும் செய்து, டேப்பால் அளந்த தூரத்தோடு ஒப்பிட்டு எழுதி வையுங்கள்.