ரேடியோ இன்டர்ஃபெரோமீட்டர் தரவு: முதல் கலிபிரேஷன், படிப்படியாக

ரேடியோ இன்டர்ஃபெரோமீட்டர் என்பது பல ஆன்டெனாக்களின் சிக்னல்களை இணைத்து ஒரே தொலைநோக்கியாக்கும் கருவி. அமெரிக்காவின் வி.எல்.ஏ. தொலைநோக்கியில் 27 ஆன்டெனாக்கள். இரண்டிரண்டாகச் சேர்த்தால் 351 பேஸ்லைன்கள் (ஆன்டெனா ஜோடிகள்; ஜோடிக்கு இடையிலான தூரமே பேஸ்லைனின் நீளம்). பிழைகளோ பெரும்பாலும் ஆன்டெனாவைச் சேர்ந்தவை. கண்டுபிடிக்க வேண்டியவை 27 திருத்தங்கள்தான், கையில் 351 அளவீடுகள். கலிபிரேஷன், அதாவது அந்தத் திருத்தங்களைக் கண்டுபிடித்துத் தரவைச் சரிசெய்வது, நடப்பதே இந்த உபரியை நம்பித்தான். கீழே உள்ள வரிசை, ரேடியோ வானியல் தரவைக் கையாளும் காசா மென்பொருளுக்கானது. எடுத்துக்காட்டு, டி அமைப்பில் (ஆன்டெனாக்கள் மிக நெருக்கமாக நிற்கும் அமைப்பு) 1.4 கிகாஹெர்ட்ஸை ஒட்டி எடுத்த தரவு.

படி 1: லிஸ்ட்ஆப்ஸ் கட்டளையை ஓட்டி, எது எப்போது பார்க்கப்பட்டது என்று சொல்லும் அறிக்கையை முழுதாக வாசியுங்கள். ஃப்ளக்ஸ் (பிரகாசம்) முன்பே தெரிந்த மூலமான ஃப்ளக்ஸ் கலிபிரேட்டர் எது (3சி286, 3சி48, 3சி147 போன்றவை), ஃபேஸை (அலையின் கட்டத்தை) திருத்துவதற்காக இலக்கின் அருகே திரும்பத் திரும்பப் பார்க்கப்பட்ட ஃபேஸ் கலிபிரேட்டர் எது என்று குறித்துக்கொள்ளுங்கள். மற்றவற்றின் ஃபேஸை ஒப்பிட உதவும் ரெஃபரன்ஸ் ஆன்டெனாவாக, அணியின் நடுப்பகுதியில் இருப்பதும் தொடக்கம் முதல் முடிவு வரை ஒழுங்காக இயங்கியதுமான ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

படி 2: கெட்ட தரவை நீக்குதல். ஒவ்வொரு ஸ்கேனின் (ஒரே மூலத்தைத் தொடர்ந்து பார்த்த பகுதியின்) முதல் 10 நொடி, பூஜ்ய மதிப்புகள், ஓர் ஆன்டெனா இன்னொன்றை மறைத்த நேரங்கள் ஆகியவற்றை முதலில் நீக்குங்கள். டி அமைப்பில் ஆன்டெனாக்கள் நெருக்கமாக நிற்பதால், பார்க்கும் மூலம் வானில் தாழ்வாக இருக்கும்போது மறைப்பு அதிகம். பிறகு கலிபிரேட்டர்களின் வீச்சை (சிக்னலின் அளவை) நேரத்துக்கும் சேனலுக்கும் (குறுகிய அதிர்வெண் துண்டுக்கும்) எதிராக வரைந்து, குறுக்கீடு விழுந்த சேனல்களை நீக்குங்கள். அலுப்பூட்டும் வேலைதான், ஆனாலும் அவசரப்பட்டால் பின்னால் வரும் எல்லாப் படிகளும் கெடும்.

படி 3: செட்ஜை கட்டளையால் 3சி286-க்கு அதன் தெரிந்த பிரகாச மாதிரியை ஏற்றுங்கள். 1.4 கிகாஹெர்ட்ஸில் அதன் ஃப்ளக்ஸ் ஏறத்தாழ 15 ஜான்ஸ்கி (ரேடியோ பிரகாசத்தின் அலகு). இதை விட்டுவிட்டால் மென்பொருள் 1 ஜான்ஸ்கி என்று எடுத்துக்கொள்ளும். படம் அழகாகவே வரும், எண்கள் மட்டும் தவறாக இருக்கும்.

படி 4: டிலே, பேண்ட்பாஸ். பிரகாசமான கலிபிரேட்டரில் முதலில் டிலே (ஆன்டெனாக்களின் சிக்னல்களுக்கு இடையிலான நேரத் தாமதம்). அடுத்து, நடுவிலுள்ள சில சேனல்களில் குறுகிய நேர இடைவெளியில் ஃபேஸ் தீர்வு. அதற்குப் பிறகே பேண்ட்பாஸ் (சேனலுக்குச் சேனல் மாறும் கருவியின் உணர்திறன்). ஃபேஸ் நேரத்தோடு நகர்ந்துகொண்டிருக்கும்போது சராசரி எடுத்தால் சிக்னல் தன்னையே அழித்து வீச்சு குறைந்துவிடும். இடையிலுள்ள படி அதைத் தடுக்கத்தான். ஒவ்வொரு கட்டளைக்கும் முந்தைய தீர்வுகளின் அட்டவணைகளைக் கெயின்டேபிள் என்ற அமைப்பில் கொடுக்க மறக்காதீர்கள்.

படி 5: எல்லாக் கலிபிரேட்டர்களுக்கும் கெயின்கால் (நேரத்தோடு மாறும் ஃபேஸ், வீச்சுத் திருத்தங்களைக் காண்பது), பிறகு ஃப்ளக்ஸ்ஸ்கேல் (ஃப்ளக்ஸ் கலிபிரேட்டரின் அளவுகோலை மற்றவற்றுக்கும் கொண்டுசெல்வது). திருத்தங்களைத் தரவில் போடும் அப்ளைகாலில் பழைய வீச்சு அட்டவணைக்குப் பதிலாக ஃப்ளக்ஸ்ஸ்கேல் தந்த அட்டவணையைக் கொடுக்க வேண்டும். பழகியவர்களும் சறுக்கும் இடம் இது.

படி 6: அப்ளைகால் முடிந்ததும் திருத்திய தரவை வரையுங்கள். ஃபேஸ் கலிபிரேட்டரின் ஃபேஸ் எல்லாப் பேஸ்லைன்களிலும் பூஜ்யத்தைச் சுற்றி நிற்க வேண்டும். ஓர் ஆன்டெனா மட்டும் சிதறினால் அதை நீக்கிவிட்டு 4-ஆம் படியிலிருந்து மறுபடி செய்யுங்கள். இது சரியாகும் வரை படமெடுக்கப் போகாதீர்கள்.

படி 7: டிகிளீன், அதாவது தரவிலிருந்து படத்தை உருவாக்கிச் சுத்திகரிக்கும் கட்டளை. அதிகபட்சப் பேஸ்லைன் சுமார் 1 கி.மீ., அலைநீளம் 21 செ.மீ.; பீம் (படத்தில் பிரித்தறியக்கூடிய மிகச்சிறிய அளவு) ஏறத்தாழ 43 ஆர்க்செகண்ட். பிக்சலுக்கு 9 ஆர்க்செகண்ட் போதும். ஆன்டெனாவின் பார்வைப் புலம் 30 ஆர்க்மினிட். அதைப் போல இருமடங்குக்கு 400 பிக்சல் அகலம். முதலில் நிட்டர் (சுத்திகரிப்புச் சுற்றுகளின் எண்ணிக்கை) 0 வைத்துச் சுத்திகரிக்காத படத்தைப் பாருங்கள். மூலமில்லாத இடத்தில் இரைச்சலை அளந்து, அதன் 3 மடங்கைச் சுத்திகரிப்பு நிறுத்துமிடமாக வையுங்கள்.

படம் முழுக்க ஒரே திசையில் கோடுகள் ஓடினால் எங்கோ ஒரு கெட்ட பேஸ்லைன் தப்பியிருக்கிறது. 2-ஆம் படிக்குத் திரும்புங்கள். பிரகாசமான மூலத்தைச் சுற்றி ஆரக்கால்கள் தெரிந்து, எதிரெதிர்ப் பக்கங்களில் குறி மாறினால் ஃபேஸ் பிழை; இரு பக்கமும் ஒன்றுபோல் இருந்தால் வீச்சுப் பிழை. விரிந்த மூலத்தைச் சுற்றி எதிர்மறைப் பள்ளம் விழுந்தால் எந்தக் கலிபிரேஷனும் உதவாது: 35 மீட்டருக்குக் குறைந்த பேஸ்லைன் இல்லாததால், சுமார் 16 ஆர்க்மினிட்டுக்கு மேல் பரந்த அமைப்பு தரவிலேயே இல்லை.

ஃப்ளக்ஸ் அளக்கும் முன் பிரைமரி பீம் திருத்தம் (ஆன்டெனாவின் உணர்திறன் பார்வைப் புலத்தின் ஓரத்தில் குறைவதற்கான திருத்தம்) செய்துவிடுங்கள். மையத்திலிருந்து 15 ஆர்க்மினிட் தள்ளியிருக்கும் மூலம் அது இல்லாமல் பாதி பிரகாசமாகத்தான் தெரியும்.