ரெண்டாவது கேபிளைச் செருகுவதற்கு முன்னால்

கணினிகளை இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்சுகள் ரெண்டுக்கு நடுவில் ஒரே ஒரு கேபிள் ஓடினால், அது அறுந்த நொடியில் அந்தப் பக்கம் இருக்கும் எல்லாரும் துண்டாகிவிடுவார்கள். அதனால் இன்னொரு கேபிள் போடுகிறோம். போடத்தான் வேண்டும். ஆனால் ஸ்பேனிங் ட்ரீ (கூடுதல் வழிகளை அடைத்துவைக்கும் முறை) ஓடாத இடத்தில் அந்த ரெண்டாவது கேபிளைச் செருகிய அடுத்த சில நொடிகளில் மொத்த நெட்வொர்க்கும் படுத்துவிடும்.

ஐபி பாக்கெட்டில் டிடிஎல் என்று ஒரு எண் இருக்கிறது, ஒவ்வொரு ரவுட்டரைத் தாண்டும்போதும் ஒன்று குறையும், பூஜ்ஜியமானால் பாக்கெட் தூக்கி எறியப்படும். ஸ்விட்சுகள் கடத்தும் ஈதர்நெட் ஃபிரேமில் அப்படி ஒன்று கிடையாது. ஒரு கணினி ஒரே ஒரு ஏஆர்பி கேள்வி (‘இந்த ஐபி முகவரி யாருடையது’ என்று எல்லாரிடமும் கேட்பது) கேட்டால் போதும், ஸ்விட்ச் அதை வந்த போர்ட்டைத் தவிர மற்ற எல்லாப் போர்ட்டிலும் அனுப்பும், அடுத்த ஸ்விட்சும் அதையே செய்யும், அது சுற்றிவந்து திரும்ப உள்ளே நுழையும், யாராவது கேபிளைப் பிடுங்கும்வரை சுற்றிக்கொண்டே இருக்கும். கூடவே ஒரே மேக் முகவரி (கருவியின் வன்பொருள் எண்) இப்போது 3ஆம் போர்ட்டில், அடுத்த கணம் 24இல் என்று தாவுவதால், எந்த முகவரி எந்தப் போர்ட்டில் என்று ஸ்விட்ச் குறித்துவைக்கும் மேக் டேபிளையும் நம்ப முடியாது.

இதற்குத்தான் ராடியா பெர்ல்மன் 1985இல் ஸ்பேனிங் ட்ரீயை உருவாக்கினார். ஸ்விட்சுகள் தங்களுக்குள் பிபிடியூ என்ற சின்னச் செய்திகளைப் பரிமாறி ஒன்றை ரூட்டாக, அதாவது மற்ற வழிகளைக் கணக்கிடும் மையமாக, தேர்ந்தெடுக்கும், கூடுதல் வழிகளை அடைத்துவைக்கும், ஓடும் வழி அறுந்தால் அடைத்ததைத் திறக்கும். பழைய முறையில் திறக்க 30இலிருந்து 50 நொடி ஆகும். அதன் வேகமான வடிவமாக 2001இல் வந்த ஆர்எஸ்டிபி பெரும்பாலும் ஓரிரு நொடிக்குள் முடித்துவிடும். உங்கள் ஸ்விட்சில் எது ஓடுகிறது என்று இப்போதே பாருங்கள், பழையது என்றால் மாற்றுங்கள்.

அப்புறம் ரூட். பிரையாரிட்டி எண் சிறியதாக உள்ள ஸ்விட்ச்தான் ரூட்டாகும். எல்லா ஸ்விட்சுக்கும் அது 32768 என்றே வரும், சமமாக இருந்தால் மேக் முகவரி சிறியதாக உள்ளது ஜெயிக்கும். பழைய ஸ்விட்சுக்குச் சிறிய முகவரி இருப்பது சகஜம் என்பதால், மூலையில் தூசி படிந்து கிடப்பது ரூட்டாகிவிட, எல்லாருடைய டிராஃபிக்கும் அதன் வழியாகச் சுற்றிப்போகும். இதை விதியிடம் விடாதீர்கள். நடுநாயகமான கோர் ஸ்விட்சுக்கு 4096, அதற்கு மாற்றாக நிற்பதற்கு 8192 என்று நீங்களே வையுங்கள். ஒரே ஜோடி ஸ்விட்சுக்கு நடுவில் ரெண்டு கேபிள் என்றால் ஒன்று சும்மா அடைபட்டுக் கிடக்கும், அங்கே எல்ஏசிபி போட்டு ரெண்டையும் ஒன்றாகக் கட்டுங்கள், ரெண்டு முனையிலும்.

ஆனால் நான் பார்த்த லூப்களில் (இப்படிச் சுற்றிவரும் வழிகளில்) பாதிக்கு மேல் கோரில் வந்ததே இல்லை. ஒரு தடவை மீட்டிங் அறையில் மேஜைக்கடியில் தொங்கிய கேபிள் முனையை, ஒழுங்காக இருக்கட்டும் என்று யாரோ நல்லெண்ணத்தில் சுவரில் காலியாக இருந்த போர்ட்டில் செருகிவிட்டார்கள். மறுமுனை ஏற்கெனவே பக்கத்துப் போர்ட்டில் இருந்தது. ரேக்கில் எல்லா விளக்குகளும் ஒரே தாளத்தில் வெறி பிடித்தது போல மினுக்கின. கணினி செருகும் ஒவ்வொரு போர்ட்டிலும் போர்ட்ஃபாஸ்ட்டோடு (காத்திருக்காமல் போர்ட்டைத் திறப்பது) பிபிடியூ கார்டையும் (guard, பிபிடியூ வந்தால் போர்ட்டை மூடுவது) போடுங்கள் என்று நான் கெஞ்சுவது இதனால்தான். பிபிடியூ ஃபில்டரை மட்டும் தொடாதீர்கள், பெயர் ஒரே மாதிரி இருந்தாலும் அது லூப்பைப் பார்க்க விடாமல் கண்ணைக் கட்டிவிடும். சில மலிவான சின்ன ஸ்விட்சுகள் பிபிடியூவையே விழுங்கிவிடும், அதனால் வெள்ளமாக வரும் ஃபிரேம்களுக்கு அளவு வைக்கும் ஸ்டார்ம் கண்ட்ரோலும் இருக்கட்டும்.

லூப் வந்தேவிட்டால் ரீஸ்டார்ட் பண்ணாதீர்கள், அது திரும்ப வரும். நெட்வொர்க் வழியாக உள்ளே போக முடியாமல் போகலாம் என்பதால் ஸ்விட்சில் நேரடியாகச் செருகும் கன்சோல் கேபிள் கையில் இருக்க வேண்டும். கோரில் இருந்து மற்ற ஸ்விட்சுகளுக்குப் போகும் கேபிள்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள், எதைப் பிடுங்கியதும் விளக்குகள் அடங்குகின்றனவோ அந்தத் திசையில்தான் லூப். அந்த ஸ்விட்சுக்குப் போய் அங்கேயும் இதையே செய்தால் கடைசியில் ஒரு போர்ட்டில் வந்து நிற்பீர்கள். பிடுங்கியதற்கெல்லாம் எண் எழுதிவைக்க மறக்காதீர்கள்.

எல்லாம் முடிந்ததும், யாரும் வேலை செய்யாத நேரத்தில் மறுபக்கம் இருந்து பதில் வருகிறதா என்று பார்க்கும் பிங்கை ஓடவிட்டு, ஓடிக்கொண்டிருக்கும் கேபிளை நீங்களே பிடுங்கிப் பாருங்கள். ஒன்றிரண்டு பிங் தவறிவிட்டு மறுபடி ஓடினால், ரெண்டாவது கேபிள் வேலை செய்கிறது.